உன் பெயரில் போன பாட்டில்

கஃப்ர் அபூ ஸலாமா
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் ராகிபுக்கு அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கை பழக்கத்தில் எழுத வருகிறது, ஆனால் உண்மையை எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டு முதல் வரியிலேயே பொய்யை வைக்கக் கூடாது. உன் அம்மா முழு நலம். எருமை நலம், ஈன்று பதினெட்டு நாள் ஆகிறது, கிடாரிக் கன்று. நான் முக்கால் நலம். அந்த மிச்சக் கால் பங்கைப் பற்றியும், அதைவிட அவசரமாக உன்னைப் பற்றியும்தான் இந்தக் கடிதம். போன வாரத்தில் நாலு தடவை உன்னோடு போனில் பேசினேன், நாலு தடவையும் எருமையைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன், நீகூட "என்னப்பா, எனக்கு போன் பண்றீங்களா, எருமைக்குப் பண்றீங்களா" என்று சிரித்தாய். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு சாக்கு, அவள் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். தையல்காரர் மகன் ஸாபிர் நாளை விமானம் ஏறி தம்மாமுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை வண்டியில் வைத்துப் படிக்காதே, சிக்னலில் நிற்கும்போது படிக்காதே. வீட்டுக்குப் போய் மருமகள் ரபாபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. பிள்ளைகள் தூங்கிய பிறகு என்று தள்ளிப் போடவும் வேண்டாம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் உன் கதைக்கு வர முடியாது. மூன்று வருஷமாகவே எனக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. போய் நின்றால் வராது, வந்தால் நூலாக வரும், முடிந்தது என்று துணியைச் சரி செய்துகொண்டு நாலு அடி வைத்தால் சொட்டும். யாரிடமும் சொல்லவில்லை. வயதானால் எல்லா ஆண்களுக்கும் இப்படித்தான் என்று எனக்கு நானே டாக்டராகிக்கொண்டு, பார்லித் தண்ணீரும் பார்ஸ்லி இலை வேக வைத்த தண்ணீரும் குடித்துக் காலத்தை ஓட்டினேன். சொட்டுகிற மனிதனுக்குத் தொழுகைக்கு முன்னால் கழுவிச் சுத்தமான உளூ எப்படி நிற்கும்? தொழுகைக்கு நடுவில் துணி நனைந்ததா இல்லையா என்ற சந்தேகத்திலேயே குனிகிற ருகூவும் போயிற்று, நெற்றி வைக்கிற ஸுஜூதும் போயிற்று. இருபது வருஷமாக முன் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நின்றவன், ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் வந்து கடைசியில் செருப்பு கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். அப்துல் முஃத்தி யாரோடோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று விட்டேன், சிறுநீர் விஷயத்தைச் சொல்வதைவிட சண்டைக்காரன் என்ற பெயர் எனக்கு மேலாகத் தோன்றியது. முப்பத்தொரு வருஷம் சந்தைத் தெருப் பரிசோதனைக்கூடத்தில் ஊரார் சிறுநீரை வாங்கி வாங்கி வைத்தவன் நான். என்னுடையதை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது என்றால் நீ சிரிப்பாய்.

போன மாதம் எனக்கு ஜலதோஷம். மருந்துக்கடையில் ஏதோ மூக்கடைப்பு மாத்திரை கொடுத்தான், இரண்டு நாள் போட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போனேன், ஒரு சொட்டு வரவில்லை. அரை மணி நேரம் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், வெந்நீரில் உட்கார்ந்து பார்த்தேன், எதற்கும் அசையவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. உன் அம்மா கதவைத் தட்டி, வழக்கம்போல உன் பெயரை வைத்தே, "அபூ ராகிப், உள்ள என்ன பண்றீங்க, குத்பா பிரசங்கமே முடியப் போகுது" என்றாள். கதவைத் திறந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன் ராகிப், வலியில்தான். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, தொழுகை முடிந்து வந்த முதல் ஆளின் பிக்கப் வண்டியை நிறுத்தி என்னைப் பின்னால் ஏற்றிவிட்டாள். தந்தா நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு குழாயைப் போட்டு எடுத்தார்கள், ஒரு லிட்டருக்கும் மேலே வந்தது. அப்போது கிடைத்த நிம்மதியை என் கல்யாணத்தன்றுகூட நான் கண்டதில்லை என்று உன் அம்மாவிடமே சொல்லிவிட்டேன், அவள் முறைத்தாள்.

பிறகு என்னைப் பார்க்க வந்தது ஒரு பெண் டாக்டர். டாக்டர் நிவீன் என்று பெயர், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும், காலில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. ஆண்களுடைய இந்தச் சமாசாரத்துக்கு ஒரு பெண்ணா என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஹாஜி, வெட்கத்தை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க, போகும்போது மறக்காம எடுத்துக்கலாம்" என்றாள். கையில் ஒரு காகிதம் வைத்துக்கொண்டு ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். போய் வந்த பிறகும் உள்ளே மிச்சம் இருப்பது போல் இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, முக்கித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதா, தூக்கத்தில் எத்தனை தடவை எழுந்திருக்கிறேன். நான் இரண்டு தடவை என்றேன். பின்னாலிருந்து உன் அம்மா, "அஞ்சு, டாக்டரம்மா. நான் எண்ணிட்டுத்தான் படுத்திருக்கேன்" என்றாள். டாக்டர் எவ்வளவு நாளாக என்று கேட்டாள், நான் ஒரு மாதமாக என்றேன், உன் அம்மா மூன்று வருஷம் என்றாள். டாக்டர் பேனாவை உன் அம்மா பக்கம் நீட்டி, "நோயாளி நீங்களா அவரான்னு தெரியல, ஆனா பதில் நீங்களே சொல்லுங்க" என்றாள். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று வருஷம் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன், அவள் நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் விரல் வைத்துப் பார்க்கிற சோதனை. அதை நான் எழுதப் போவதில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன், பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, நூறு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, ஆனால் வழவழவென்று ஒரே சீராக இருக்கிறது, கல் மாதிரி முடிச்சு எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, அது நல்ல சேதி என்றாள். ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் தப்பித்திருந்தன. சிறுநீரில் கிருமியும் இருந்தது, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்க அனுப்பினாள். புற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அதையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அம்மா, ஒரேயடியாகத் தெரிந்துபோகட்டும் என்றேன். மாட்டேன் என்றாள். கிருமி இருக்கும்போதும் குழாய் போட்டிருக்கும்போதும் எடுத்தால் அந்த எண் தாறுமாறாக ஏறித் தெரியும், எல்லாம் ஆறட்டும், ஆறு வாரம் கழித்து எடுக்கலாம் என்றாள். "தப்பான நேரத்துல எடுத்த டெஸ்ட், டெஸ்ட்டே எடுக்காததைவிட மோசம் ஹாஜி. பேப்பர்னு ஒண்ணு கைக்கு வந்துட்டா எல்லாரும் அதை நம்பிடுவாங்க, அதுக்கப்புறம் மனுஷனை யாரும் பார்க்க மாட்டாங்க." அவள் என் ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு உடம்பு முழுக்க வியர்த்தது. குழாயால் வியர்க்கிறது என்று உன் அம்மா முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டாள்.

டாக்டர் அதோடு விட்டாளா? இதற்கு முன்னால் எப்போதாவது சிறுநீர்ப் பரிசோதனை எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். வாய் தவறி, ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டேன். அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். சிறு வயதில் பில்ஹார்ஸியா இருந்ததா என்றாள், டெல்டாவில் என் வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது, கால்வாயில் கால் வைத்தவன் எவனுக்கு அந்தப் புழு ஏறவில்லை, வைத்தியக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினேன் என்றேன். வீட்டில் வேறு யாருக்காவது சிறுநீரில் ரத்தம் போகிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா முந்திக்கொண்டாள். "பெருநாளைக்கு போன் பண்ணப்போ எங்க பையன் சொன்னான் டாக்டரம்மா, இவருக்குத் தெரியாது, நான்தான் சொல்லல. சவூதில லாரி ஓட்டறான். ரொம்ப நேரம் ஓட்டிட்டு இறங்கினா கடைசில செகப்பா வருதாம். அங்க டாக்டர்கிட்ட மூணு தடவை போயிட்டான், கிருமின்னு மாத்திரை குடுத்தாங்களாம். பில்ஹார்ஸியா எல்லாம் அவனுக்குக் கிடையாது, அவங்களும் அதைத்தான் முதல்ல கேட்டாங்களாம், இல்லன்னுட்டான். கிளீன்னு பேப்பரே இருக்கு. இவர் வேலை பார்த்த எடத்துலயே எடுத்தது." எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா. டாக்டர் தலையை ஆட்டி, "பேப்பர் இருந்தா சரி, அப்ப அவங்க வேற பக்கம் தேடுவாங்க" என்று எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் அங்கேயே, அந்த நிமிஷமே பேசியிருக்க வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ராகிப், அந்தப் பேப்பர் உன்னுடையது இல்லை. உன் பெயர் இருக்கிறது, உன் பாஸ்போர்ட் நம்பர் இருக்கிறது, வட்ட முத்திரை இருக்கிறது. ஆனால் பரிசோதனைக்குப் போன சிறுநீர் என்னுடையது. டாக்டரிடம் ஒரே ஒரு தடவை என்று சொன்னேனே, இந்த மருத்துவமனைக்கு முன்னால் என் சிறுநீர் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போனது அந்த ஒரு தடவைதான், அதுவும் உன் பெயரில்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் நீ சவூதி விசாவுக்காகப் பரிசோதனைக்கு வந்த நாளை நினைத்துப் பார். விசா முடிய ஒன்பது நாள் பாக்கி. பரிசோதனைக்கூடத்தில் என்னை எல்லோரும் கஸ்டம்ஸ் என்று கூப்பிடுவார்கள், உனக்கே தெரியும். புழு இருந்தால் அனுப்ப மாட்டார்கள் என்பதால், வளைகுடாவுக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் யாரோ ஒரு டவுன்காரனுடைய சுத்தமான சிறுநீரை மருந்து பாட்டிலில் அடைத்து ஜிலாபியா அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு வருவான். பாட்டிலை வாங்கிக் கையில் பிடித்தாலே நான் கண்டுபிடித்துவிடுவேன், வெளியிலிருந்து வந்தது ஆறிப்போயிருக்கும், உடம்பிலிருந்து வந்தது சூடாக இருக்கும். எத்தனை பேரைப் பிடித்து எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கியிருக்கிறேன். நடுப்பகல் லுஹர் நேரத்துக்குத்தான் வரச் சொல்வேன், மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்கச் சொல்வேன், கடைசியில் வருகிற பங்கைத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் புழுவின் முட்டை இருந்தால் அந்த நேரத்தில், உடம்பு குலுங்கிய பிறகு, அந்தக் கடைசிச் சொட்டில்தான் இறங்கும். உன்னையும் அப்படியே ஏறி இறங்க வைத்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "பெத்த புள்ளைக்காவது பத்து படி குறைக்கக் கூடாதா" என்றாய். குறைக்கவில்லை. நேர்மையான மனிதன் அல்லவா நான். பாட்டிலைக் கொடுத்துவிட்டு நீ போட்டோ எடுக்கப் போய்விட்டாய்.

அரை மணி கழித்து உஸ்தாத் வஹீப் என்னை உள்ளே கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் அவர்தான் உட்காருவார், நல்ல மனிதர், இப்போது அவர் உயிரோடு இல்லை. "அபூ ராகிப், பையனோடது நிறைய இருக்கு. முட்டை மட்டுமில்ல, ரத்தமும் இருக்கு. மாத்திரை குடுங்க, ஒன்றரை மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, நானே பார்த்து எழுதித் தரேன்" என்றார். ஒன்றரை மாதம். விசாவுக்கு ஒன்பது நாள். உன் முதலாளி ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டான் என்று ஏஜென்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாக வேலையில்லாமல் காபிக்கடையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது உன் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "உஸ்தாத், நம்பர் ஒட்டும்போது என் கை தடுமாறிச்சு, பாட்டில் மாறியிருக்கும். பையன் கீழதான் நிக்கறான், வேற வாங்கிட்டு வரேன்" என்றேன். நீ கீழே இல்லை. நான் கழிப்பறைக்குப் போனேன். படி ஏறவில்லை, குலுங்கவில்லை, கடைசிச் சொட்டையும் பிடிக்கவில்லை, முதல் பங்கைப் பிடித்தேன். முட்டை இருந்தாலும் தெரியாமல் போகும்படி எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா என்ன, அதைத் தடுப்பதுதானே என் வேலை. பாட்டில் சூடாக இருந்தது. வஹீப் பார்த்தார், இதில் ஒன்றும் இல்லை என்றார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அவர் என்னோடு டீ குடிக்கவில்லை.

மாத்திரையாவது கொடுத்தாயா என்று நீ கேட்பாய். வாங்கினேன். சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரே நாளில் விழுங்கி முடிக்கிற வைத்தியம் அது ராகிப், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், அவ்வளவுதான். காகிதத்தில் மடித்து ஜிலாபியா பையில் வைத்துக்கொண்டு உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கொடுத்தால் எதற்கு என்று கேட்பாய். சொன்னால், நீ முன்கோபி, அதோடு பொய் பொறுக்காதவன், பேப்பரைக் கொண்டுபோய் ஏஜென்ட் முகத்தில் எறிந்துவிட்டு வந்துவிடுவாயோ என்று பயம். இன்றைக்கு, நாளைக்கு என்று ஏர்போர்ட் வண்டி வரை வந்துவிட்டது. உன் அம்மா பாலாடைக்கட்டி ஜாடியை உன் மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள், நண்பர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள், கை பைக்குள் போயிற்று, வெறும் கையாகத் திரும்பியது. பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கால்வாயை விட்டுப் பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு இனிமேல் புழு எங்கிருந்து ஏறும், உள்ளே இருப்பதும் தண்ணீர் இல்லாத தேசத்தில் காய்ந்து தானாகச் செத்துவிடும் என்று. இங்கே எல்லோரும் சொல்வதுதான். பரிசோதனைக்கூடத்திலேயே இருந்த நான் அதை நம்பியிருக்கக் கூடாது, நம்பவில்லை, நம்ப விரும்பினேன். முதல் விடுமுறைக்கு நீ வந்தபோது சொல்லலாம் என்றிருந்தேன், அப்போது உனக்குக் கல்யாணம். அடுத்த முறை சொல்லலாம் என்றிருந்தேன், அப்போது மடியில் குழந்தை. நாலைந்து வருஷம் கழிந்ததும் அந்த விஷயம் எனக்கு மறந்தே போய்விட்டது போல் இருக்கப் பழகிக்கொண்டேன். நீ அங்கே மூன்று தடவை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எனக்கு அந்த நோய் இருந்ததில்லை, பேப்பர் இருக்கிறது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். உன் வாயிலிருந்து வந்த பதில் நான் வைத்தது.

குழாயை எடுப்பதற்கு எட்டாம் நாள் மறுபடி போனோம். நானே ஒழுங்காகப் போனேன், அளந்து பார்த்தார்கள், உள்ளே கொஞ்சம்தான் தங்கியிருந்தது, இப்போது இரண்டு மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறேன். உன் அம்மா மருந்து வாங்க வரிசையில் நின்றபோது நான் டாக்டர் நிவீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பையன் எப்ப லீவுல வரான்" என்று கேட்டாள். ரமலானுக்கு என்றேன். "ரமலானுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு ஹாஜி. பதினேழு வருஷம் நீங்க எடுத்துக்கிட்டது போதும், இந்த அஞ்சு மாசத்தை அவனுக்குக் குடுத்துடுங்க" என்றாள். புழு செத்திருந்தாலும் அதன் முட்டைகள் மூத்திரப்பையின் சுவரில் புண்ணையும் தழும்பையும் விட்டுப் போயிருக்கும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு சிவப்பாகப் போவது வெறும் தழும்பாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம், இது எதுவும் இல்லாமல் மோசமான ஒன்றாகவும் இருக்கலாம், எது என்று சிறுநீரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, மெல்லிய குழாயில் கேமரா வைத்து உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். ஒன்றும் இல்லாமலே போகலாம் என்றும் சொன்னாள், அதையும் எழுதுகிறேன், நீ பயந்து போக வேண்டும் என்று இதை நான் எழுதவில்லை. அவள் அங்குள்ள டாக்டருக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வை.

நீ செய்ய வேண்டியது இதுதான். கடிதம் கிடைத்த மறுநாள் லீவு போட்டுவிட்டு, மாத்திரை கொடுத்த டாக்டரிடம் இல்லாமல், சிறுநீர்ப் பாதைக்கென்றே இருக்கிற டாக்டரிடம் போ. முதல் வார்த்தையாக, எனக்கு பில்ஹார்ஸியா இருந்தது, முட்டையும் ரத்தமும் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள், வைத்தியம் ஆகவில்லை என்று சொல். அந்தப் பழைய பேப்பரைக் காட்டாதே. சிறுநீர் கேட்டால் லுஹர் நேரத்தில் படி ஏறி இறங்கிவிட்டுக் கொடு, ஆனால் அதில் முட்டை இல்லை என்று சொன்னால் சந்தோஷப்பட்டுத் திரும்பி வந்துவிடாதே, கேமரா வைத்துப் பார்க்கச் சொல். பார்க்கிற டாக்டர் யாராக இருந்தாலும், எந்த இடத்தைப் பார்க்கக் கேட்டாலும், என்னைப் போல் சுவர்ப் பக்கம் திரும்பாதே. சிகரெட்டை விட்டுவிடு, மூத்திரப்பைக்கு சிகரெட்டும் எதிரி என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னாள். வண்டியை நிறுத்த இடமில்லை என்று மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்காராதே. இவ்வளவும் முடிந்த பிறகு என்மேல் கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் படு, நான் எங்கும் போகவில்லை. கோபத்தில் மூன்று நாள், வருத்தத்தில் ஒரு வாரம் என்று டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிவிடாதே, நம் குடும்பத்தில் தள்ளிப்போடுகிற ஆள் நான் ஒருவன் போதும். மன்னிப்பு இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அப்படி, அப்புறம் எனக்கு மனம் லேசாகிவிடும். நீ நல்ல சேதி சொல்லும் வரை அது லேசாகக் கூடாது. உன்னை அனுப்ப வேண்டும் என்ற ஆசையில், உன்னைப் பார்க்க மறந்துபோனேன் மகனே.

இது வரைக்கும் எழுதியதை இப்போது உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். எருமைக்கு வைக்கோல் போட எழுந்தவள் அப்படியே நின்று கேட்டாள்.  முடிந்ததும் நான் தலையை நிமிர்த்தவில்லை. வைக்கோலைப் போட்டுவிட்டு வந்து, "நானும் எழுதணும், எழுதுங்க" என்றாள்.

ரபாபுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் துஆ எப்போதும் உண்டு. அல்லாஹ் உன் உடம்பைக் காத்து, உன் ஆயுளை நீளமாக்கி, என் தவறின் கணக்கை உன்னிடம் கேட்காமல் என்னிடமே கேட்கட்டும். டாக்டர் எழுதிய தாளை மறந்துவிடாதே, உறையிலேயே இருக்கிறது. கீழே இருப்பது உன் அம்மா சொன்னது. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

"ராகிப், அம்மா பேசறேன். எல்லாம் கேட்டுட்டேன். நீ நாளைக்கே டாக்டர்கிட்ட போ. உள்ள பார்த்துட்டு அவங்க என்ன சொன்னாங்களோ அதை எனக்கு போன் பண்ணிச் சொல்லு, அப்பாவுக்குப் பண்ண வேண்டாம். உன் போன் வர்ற வரைக்கும் இந்த வீட்டுல நான் இவர்கிட்ட பேச மாட்டேன். மாத்திரை மட்டும் நேரத்துக்கு எடுத்துக் குடுப்பேன்."

இப்படிக்கு,
உன் அப்பா
அப்துல் முஃத்தி